ஒளி பட்ட புற்றுக்கலம் விடும் புரொஸ்டாகிளாண்டினை அளப்பது எப்படி

ஒளியியக்கச் சிகிச்சை (ஒளியால் தூண்டப்படும் மருந்தைக் கொண்டு புற்றுக்கலத்தைக் கொல்லும் முறை) பெற்ற இடம் சிவந்து வீங்குவதில், அழற்சியைத் தூண்டும் கொழுப்புச் சேர்மமான புரொஸ்டாகிளாண்டின் ஈ2-க்குப் பங்குண்டு. மருந்தில் ஒளி பட்டுப் பிறக்கும் சிங்லெட் ஒட்சிசன் (வீரியம் கூடிய ஒட்சிசன் வடிவம்) கலத்தின் மென்சவ்வைச் சிதைக்கும். கல்சியம் உள்ளே பாயும். அதனால் தூண்டப்படும் பொஸ்போலிப்பேஸ் ஏ2 நொதியம், மென்சவ்விலிருந்து அரக்கிடோனிக் அமிலத்தைக் கழற்றிவிடும். கொக்ஸ் நொதியம் அதை ஈ2-வாக மாற்றுவதற்கு வழிசெய்யும்.

24 குழித் தட்டில் குழிக்கு 1 இலட்சம் கலங்களை முதல்நாளே இடுங்கள். மருந்து ஏ.எல்.ஏ. (5-அமினோலெவுலினிக் அமிலம்); கலம் இதை ஒளியுணரும் புரோட்டோபோர்பிரினாக மாற்றும். ஏ.எல்.ஏ. ஐதரோகுளோரைட்டு 16.8 மி.கி.யைச் சீரமற்ற 100 மி.லீ. ஊடகத்தில் கரைத்தால் 1 மில்லிமோலார். கரைசல் புளித்துவிடும், பி.எச். 7.2-க்குக் கொண்டுவந்து உடனே பாவியுங்கள், நேற்றையது உதவாது. 4 மணி நேரம் இருட்டில் வையுங்கள். சீரம் சேர்த்தால் உருவான புரோட்டோபோர்பிரின் கலத்தை விட்டு வெளியேறி அல்புமினில் ஒட்டிக்கொள்ளும்.

இருட்டு என்றால் இருட்டுத்தான். புகைப்பட அறையின் சிவப்பு விளக்கு இங்கே பாதுகாப்பல்ல, நாம் அடிக்கப்போவதே 635 நா.மீ. சிவப்பு. கொழும்பில் காலை வெயில் யன்னலால் மேசைக்கு வந்துவிடும். தட்டை அலுமினியத் தாளால் சுற்றுங்கள்.

கழுவியபின் கல்சியம் உள்ள, ஃபீனால் சிவப்பு இல்லாத ஹாங்க்ஸ் கரைசல் 0.5 மி.லீ. ஊற்றுங்கள். பலரும் பழக்கத்தில் கல்சியமற்ற பொஸ்பேற்றுக் கரைசலை எடுத்துவிட்டு, ஈ2 ஏறவில்லை என்று தலையைச் சொறிவார்கள். விளக்கைத் தட்டின் உயரத்தில் வைத்து அளந்து 10 மில்லிவொற்று/ச.செ.மீ.க்குச் சரிசெய்யுங்கள்: 100 செக்கன் 1 ஜூல், 500 செக்கன் 5 ஜூல். அவசரப்பட்டு ஒளியைக் கூட்டினால் ஒட்சிசன் தீர்ந்துபோகும். 5 ஜூலில் ஈ2 குறையலாம். செத்த கலத்தில் நொதியம் வேலை செய்யாது.

மருந்து மட்டும், ஒளி மட்டும், இரண்டுமில்லாதது ஆகிய மூன்றும் கட்டாயம். நான்காவதாக, மருந்தும் ஒளியும் பெறும் குழியில், கொக்ஸைத் தடுக்கும் இந்தோமெதசின் 10 மைக்ரோமோலார் முன்கூட்டியே சேருங்கள். அதிலும் வாசிப்பு உயர்ந்தே நின்றால் எலைசா (பிறபொருளெதிரியைக் கொண்டு ஈ2-வை அளக்கும் சோதனை) அளப்பது ஈ2-வை அல்ல.

ஒளிக்குப் பின் 30 நிமிடத்திலும் 2 மணியிலும் மேல்திரவத்தை, இந்தோமெதசின் இட்ட குளிர்க் குழாய்களில் எடுத்து, 300 ஜீயில் (புவியீர்ப்பின் 300 மடங்கு) 5 நிமிடம் சுழற்றி, −80 பாகையில் வையுங்கள். அடியில் நிற்கும் கலங்களின் புரதத்தை அளந்து, ஈ2 அளவை அதனால் வகுத்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு.

எலைசாப் பொதியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பிரிக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த தட்டில் வியர்த்துவிடும். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள்.