பழைய உலோக செஸ் செட் சேகரிக்க ஆசையா? முதலில் ஒரு தராசு வாங்குங்கள்

"நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு சார், வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்." என் முதல் பித்தளை செட்டை இப்படிச் சொல்லித்தான் என் தலையில் கட்டினார்கள். வீட்டுக்கு வந்து ராஜாவின் அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணியைப் பிரித்தேன். உள்ளே கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ. அந்த பிலிப்ஸ் ஸ்க்ரூ சந்தைக்கு வந்ததே 1930களில்தான். நூறு வருஷக் கதை அங்கேயே முடிந்தது.

கடைக்காரர் 'ஆன்டிக்' என்று சொன்னால், பாதி நேரம் அது ரசாயனம் பூசிக் கருக்க வைத்த நிறத்தைத்தான் குறிக்கும். அதனால் கதையைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் காயைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

படி 1: எதைச் சேர்ப்பது?

ரோமானியர், சிலுவைப்போர், நெப்போலியன், அமெரிக்க உள்நாட்டுப் போர் என்று எத்தனையோ கருக்கள் உண்டு. ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிஜமான 19-ம் நூற்றாண்டு உலோக செட் அரிது, விலையும் கையைக் கடிக்கும். 1970க்குப் பிறகு வந்த பியூட்டர் (வெள்ளீயக் கலவை) செட்டுகள்தான் ஆரம்பத்துக்குச் சரி. அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் மின்ட் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் சந்தா கட்டியவர்களுக்குத் தவணை முறையில் சில காய்களாக அனுப்பின. நடுவில் சந்தாவை நிறுத்தியவர்களின் அரைகுறை செட்டும் சந்தைக்கு வரும், கவனம்.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஒரு பக்கம், இந்தியப் படை மறுபக்கம் நிற்கும் 'ஜான் கம்பெனி' செட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அசல்கள் வங்காளத்தின் பெர்ஹாம்பூரில் தந்தத்தில் செதுக்கப்பட்டவை. அதையே பித்தளையில் காட்டி 'அசல்' என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். அசல் தந்தமே கிடைத்தாலும் தொடாதீர்கள், இந்தியாவில் தந்த வியாபாரம் குற்றம்.

படி 2: உலோகத்தைக் கண்டுபிடிப்பது

காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளை, வெண்கலம், பியூட்டர், துத்தநாகக் கலவை என்று எதுவாகவும் இருக்கலாம். இங்கேதான் சமையலறைத் தராசு வேலைக்கு வரும்.

காயை முதலில் அப்படியே எடை போடுங்கள். நான் வாங்கிய ஒரு குதிரை 212 கிராம். அடுத்து, தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, அது காட்டும் அளவைப் பூஜ்யமாக்குங்கள். காயை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க இறக்குங்கள். அடியிலோ பக்கத்திலோ இடிக்கக் கூடாது, கை ஆடவும் கூடாது. இப்போது தராசு காட்டியது 32. 212-ஐ 32-ஆல் வகுத்தால் சுமார் 6.6, அதுதான் அடர்த்தி. பித்தளை என்றால் 8.5-ஐ ஒட்டி வரவேண்டும், பியூட்டர் என்றால் 7.3 பக்கத்தில். 6.6 என்றால் சாமாக் என்ற துத்தநாகக் கலவை, மேலே பித்தளை முலாம். சாமாக் 1929-ல்தான் உருவானது. அதற்கு முந்தைய எந்தத் தேதியை யார் சொன்னாலும் அது புளுகு.

உள்ளே ஈயமோ மணலோ அடைத்த காய்களிடம் இந்தக் கணக்கு எடுபடாது. அடியில் துணி ஒட்டிய காயை நனைக்கவும் வேண்டாம்.

படி 3: 32 காயையும் வரிசையில் நிறுத்துவது

சோம்பல் படாமல் எல்லாச் சிப்பாய்களின் உயரத்தையும் வெர்னியர் அளவுகோலால் அளந்துவிடுங்கள். ஒரு காய் தொலைந்தால், இன்னொன்றை அச்செடுத்து வார்த்துச் சேர்ப்பது பழைய தந்திரம். உருக்கிய பித்தளை ஆறும்போது ஒன்றரை சதவீதம் போலச் சுருங்கும். ஏழு சிப்பாய் 60 மில்லிமீட்டர் இருக்க, எட்டாவது மட்டும் 59 என்றால் அது வளர்ப்புப் பிள்ளை. மூக்கும் கண்ணும் கொஞ்சம் மழுங்கியிருக்கும், அதையும் பாருங்கள். விலையைக் குறைத்துக் கேட்க இதைவிட நல்ல காரணம் கிடையாது.

படி 4: காகிதம்

1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விற்பவருக்கு உரிமமும் வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்குப் பரிசாக அனுப்பப் போகிறீர்களா? பொருள் புதிதாகவே இருந்தாலும், அது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் ஒரு சான்றிதழ் வாங்கிவிடுங்கள். எப்படியும் ரசீது கேட்டு வாங்குங்கள்.

படி 5: சுத்தம் செய்யவே செய்யாதீர்கள்

நான் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா என் வெண்கல யானை இரண்டையும் புளி போட்டுத் தேய்த்து, பூஜைப் பாத்திரம் மாதிரி பளபளவென்று வைத்திருந்தார். "எவ்வளவு அழுக்குடா!" அந்த அழுக்குதான் அதன் வயது. புளியில் உள்ள அமிலம் பழுப்புப் படலத்தை ஐந்து நிமிடத்தில் கரைத்துவிடும், திரும்ப வர வருஷக் கணக்காகும். உலர்ந்த மென்மையான பிரஷ் போதும். பச்சைப் பொடியாக உதிர்ந்தால் உலோகத்தை அரிக்கும் நோய் என்று சந்தேகித்து அந்தக் காயைத் தனியே பிரித்து வையுங்கள். வெள்ளைப் பொடி பூத்தால் ஈயமாக இருக்கலாம். தொட்டால் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். கடலோர ஊர்க்காரர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், ரப்பர் பேண்ட் மட்டும் சுற்றாதீர்கள்.

அப்புறம், ஒரு நோட்டில் ஒவ்வொரு காயின் எடை, உயரம், வாங்கிய தேதி எழுதி வையுங்கள். உதிரிக் காய் தேடும்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கும். என் ரோமானியப் படையில் ஒரு சிப்பாய் இன்னும் கிடைக்கவில்லை: 48 மில்லிமீட்டர், 96 கிராம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அவன் இடத்தில் ஒரு தைல பாட்டில் மூடி நிற்கிறது.