கிட்டார்: வலது கை விரல்களைப் பழக்குவது எப்படி?

கிட்டார் வாங்கிய புதிதில் எல்லோருடைய கவனமும் இடது கை மீதே இருக்கும். பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரலால் வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் வலது கைக்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலில் வேலைப் பங்கீடு. தடித்த கம்பி 6, மிக மெல்லியது 1. கட்டைவிரலுக்கு 6, 5, 4 மூன்றும். ஆள்காட்டி விரலுக்கு 3, நடுவிரலுக்கு 2, மோதிர விரலுக்கு 1. சுண்டுவிரல் சும்மா இருக்கட்டும். பாடப் புத்தகங்களில் இந்த நான்கு விரல்களையும் முறையே பி, ஐ, எம், ஏ என்று குறித்திருப்பார்கள்.

படி 1: முன்கையைக் கிட்டாரின் மேல் விளிம்பில் சாய்த்து, நான்கு விரல்களையும் அதனதன் கம்பியில் வையுங்கள். மணிக்கட்டு மடங்கக் கூடாது. கட்டைவிரல் மற்ற விரல்களைவிட ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) பக்கமாகச் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். உள்ளங்கைக்குள் போனால் ஒவ்வொரு சுற்றிலும் ஆள்காட்டி விரலோடு மோதும். இதை முதல் நாளே சரிசெய்வது நல்லது. பழகிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

படி 2: கம்பியை வெளிப்பக்கம் தூக்கி இழுக்காதீர்கள். அப்படிச் செய்தால் அது ஃப்ரெட்டில் அடித்து 'டப்' என்று சத்தம் வரும். விரல் அடிக்கணுவிலிருந்து அசைந்து உள்ளங்கையை நோக்கிப் போகட்டும். கட்டைவிரல் மட்டும் கீழ்நோக்கித் தள்ளும்.

படி 3: இடது கையில் ஈ மைனர் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுக்கான விரல் பிடி) பிடியுங்கள்: 5-வது கம்பியில் நடுவிரல், 4-வதில் மோதிர விரல், இரண்டும் 2-வது ஃப்ரெட்டில். வலது கையில் 6-3-2-1-2-3. தாளம் காட்டும் மெட்ரோனோமை 60-இல் (நிமிடத்துக்கு 60 தட்டுகள்) வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு கம்பி. 1-வது கம்பி மட்டும் மெலிந்து ஒலிக்கிறதா என்று கேளுங்கள். மோதிர விரலுக்கு இயல்பிலேயே பலம் குறைவு. ஆறு ஒலிகளும் ஒரே அளவில் வரும்வரை வேகத்தைத் தொடாதீர்கள்.

படி 4: ஏ மைனருக்கு மாறுங்கள். இடது கையின் அந்த இரு விரல்களையும் சேர்த்து அடுத்த மெல்லிய கம்பிகளுக்கு, அதாவது 4, 3-க்கு, நகர்த்தி, 2-வது கம்பியின் முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டியை வைத்தால் போதும். வலது கையில் கட்டைவிரல் மட்டும் 5-வது கம்பிக்கு வரும். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

அடுத்தது, அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸின் பெயரால் வழங்கும் டிராவிஸ் பிக்கிங். அதில் கட்டைவிரல் இரண்டு கம்பிகளுக்கிடையே மாறி மாறித் தாளம் பிடிக்கும். சி கார்டில் கட்டைவிரலால் மட்டும் 5, 4, 5, 4 என்று வாசித்துப் பழகுங்கள். அது தடுமாறாமல் ஓடத் தொடங்கிய பிறகே மற்ற விரல்களைச் சேருங்கள்.