எடை குறைக்கணுமா? பகலில் பட்டினி கிடக்காதீர்கள்

காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, மதியம் பேருக்கு நாலு வாய் சாப்பிட்டு, இரவு பதினொரு மணிக்கு அறையில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட்டை ஒரே மூச்சில் காலி செய்வது கல்லூரிப் பிள்ளைகளிடம் சர்வசாதாரணம். இதற்கு மன உறுதி இல்லை என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள், பகலில் போடாததை உடம்பு இரவில் வட்டியோடு வசூலிக்கிறது, அவ்வளவுதான். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு. சிலர் சமையல் புத்தகம் சேர்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள்!

அதனால் முதலில் பகலில் வயிறாரச் சாப்பிடுங்கள். தட்டில் பாதி காயும் பழமும், கால்வாசி முட்டை, பருப்பு, மீன் மாதிரி புரதம், மீதி தானியம். கண்ணளவு போதும். வகுப்புக்கு நேரமாகிவிட்டதா, அவித்த முட்டையும் ஒரு பழமும் பையில் போட்டுக்கொண்டு ஓடுங்கள். எதையாவது குறைத்தே ஆகவேண்டும் என்றால் குளிர்பானத்தில் கை வையுங்கள்: 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது, குடித்தாலும் பசி அடங்காது.

எடையைத் தினமும் பார்க்காதீர்கள். பட்டினி கிடந்த முதல் வாரத்தில் குறையும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்தான், ஏனென்றால் உடம்பு சேமித்து வைத்திருக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் (அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளும் சர்க்கரைச் சேமிப்பு) சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும், அது கரையும்போது இதுவும் போய்விடும், ஒழுங்காகச் சாப்பிட்டதும் திரும்பி வரும். உப்பு, மாதவிடாய் எல்லாமே எடையை ஏற்றி இறக்கும். வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தாலே நல்ல வேகம். அந்த எண் நாள் முழுக்க மனசைக் கெடுக்கிறதென்றால் பார்க்கவே வேண்டாம்.

உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்குக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. செல்ஃபியும் அப்படித்தான், முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் மூக்கு பெரிதாகத்தான் விழும். இவற்றை நம்பி டயட்டில் இறங்குவதற்கு முன், குறைக்க வேண்டிய அவசியம் நிஜமாகவே இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கத்தையும் கவனியுங்கள், கண் விழித்தால் பசி கூடும்.

சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, அடிக்கடி மயக்கம், மூன்று மாதமாக மாதவிடாய் வராமல் இருப்பது, யாருக்கும் தெரியாமல் ஒளிந்து சாப்பிடுவது, இதில் ஒன்று இருந்தாலும் டயட்டை அப்படியே நிறுத்திவிட்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.