ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா? ஊற்றுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள்

என் பழைய ஆல்டோவின் ரிசர்வ் டேங்கில் நான்கு மாதமாகத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. அவ்வப்போது பானெட்டைத் தூக்கி, குடிக்க வைத்திருந்த பாட்டிலில் மிச்சமிருப்பதை ஊற்றிவிட்டு மூடிவிடுவேன். "வெயில் காலம் சார், ஆவியாப் போகும்" என்று வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கும் சொல்லியிருந்தார். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போதுதான் அந்த ஆவியின் லட்சணம் தெரிந்தது. 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால் புகைமூட்டம். துணியை எடுத்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியை நோக்கிப் போனேன். பின்னால் வந்து நின்ற வேன் டிரைவர் ஓடி வந்து கையைப் பிடித்தார். "ஏனுங்க, மூடியத் தொட்டுறாதீங்க. மூஞ்சி வெந்துருமுங்க."

கீழ் ஹோஸ் ரேடியேட்டரோடு சேரும் இடத்தில், கிளிப் தளர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் கோளாறு. ஓடும்போது சூட்டில் சொட்டி, அங்கேயே காய்ந்துவிடும். நிறுத்திய இடத்தில் தரையில் ஈரம் இருக்காது. நல்ல நிலையில் இருக்கும் கூலிங் சிஸ்டம் மூடிய பாத்திரம் மாதிரி. அதில் தண்ணீர் குறைகிறது என்றால் எங்கோ வழி இருக்கிறது. அந்த வழியைத் தேடிப் பிடித்து, உள்ளே கழுவி, புதுக் கூலன்ட் (எஞ்சின் சூட்டைத் தணிக்க, தண்ணீரோடு கலந்து ஊற்றும் திரவம்) நிரப்புவதுதான் இந்தப் பதிவு. ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லாதவர்களும் ஒரு நாளில் செய்துவிடலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

எஞ்சினைச் சுற்றியிருக்கும் வழிகளில் வாட்டர் பம்ப் கூலன்டை ஓட்டுகிறது. அது எஞ்சின் சூட்டை வாங்கிக்கொண்டு மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, அங்கே காற்றில் சூட்டை விட்டுவிட்டு, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்புகிறது. நடுவில் காவலுக்கு ஒரு வால்வு உண்டு, அதுதான் தெர்மோஸ்டாட். எஞ்சின் குளிர்ந்திருக்கும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைத்திருக்கும். 82 டிகிரியோ 88 டிகிரியோ, அதன் மேல் அடித்திருக்கும் அளவுக்குச் சூடு ஏறியதும் திறக்க ஆரம்பிக்கும்.

இதில் எல்லோரும் அலட்சியமாக விடுவது ரேடியேட்டர் மூடியைத்தான். அது வெறும் மூடி இல்லை, பிரஷர் குக்கர் வெயிட் செய்கிற வேலையைச் செய்கிறது. அது எவ்வளவு அழுத்தம் வரை தாங்கும் என்பது மேலே 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். 0.9 மூடி போட்டால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய வெறும் தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. அப்படி நிற்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று போய், உள்ளே இருப்பது முழுவதும் அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். அந்த வேன் டிரைவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாமல் இருக்கலாம், கை காப்பாற்றப்பட்டது.

ஆகவே ஒரே ஒரு சட்டம்: வண்டியை முந்தின நாள் இரவே நிறுத்திவிட்டு, காலையில் காபி குடித்துவிட்டு ஆரம்பியுங்கள். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று, சில்லென்று இருந்தால் மட்டும் மூடியில் கை வையுங்கள்.

என்னென்ன வேண்டும்

ஸ்க்ரூட்ரைவர், கட்டிங் பிளேயர், பழைய பிளாஸ்டிக் டப், புனல், அளவு தெரிந்த 1 லிட்டர் பாட்டில்கள், கையுறை, டார்ச். டிஸ்டில்டு வாட்டர் 10 லிட்டர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அதேதான். போர்வெல் தண்ணீர் வேண்டாம். வாளியின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும் அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். அங்கே தேய்த்துக் கழுவ ஆள் கிடையாது.

கூலன்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி போடும் சாயம்தான். வண்டியோடு வந்த கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும், அதைக் காட்டிக் கேளுங்கள். வகை மாற்றிக் கலந்தால் சில சமயம் உள்ளே கூழாகிவிடும். டப்பாவில் இன்னொன்றையும் பாருங்கள்: அப்படியே ஊற்றுவதா, தண்ணீர் கலந்து ஊற்றுவதா? கலந்து விற்பதில் மேலும் தண்ணீர் சேர்த்துவிட்டு "கூலன்ட் போட்டும் ஹீட் ஆகுது" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கலக்காததைத் தண்ணீரே இல்லாமல் ஊற்றுவதும் தப்பு. சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். பெரும்பாலான வண்டிகளுக்குப் பாதிக்குப் பாதி.

முதலில் கண்ணால் பார்ப்பது

எதையும் கழற்றாமல் டார்ச் அடித்து ஒரு சுற்று பாருங்கள். கசிவு காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ, கூலன்டின் நிறத்திலோ பொருக்குத் தட்டியிருக்கும். ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடிப்பக்கம் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். பம்பில் இதற்கென்றே ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே சீல் போய்விட்டால் அந்தத் துளை வழியாக ஒழுகிக் காட்டிக்கொடுக்கும். அதை அடைக்கப் பார்க்காதீர்கள். பம்பை மாற்றச் சொல்கிறது என்று பொருள்.

ஹோஸை விரலால் அழுத்துங்கள். முறுக்கு மாதிரி நொறுநொறுவென்றிருந்தாலும், ஊறிய அப்பளம் மாதிரி தொளதொளவென்றிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். காலையில் பார்க்கும்போது மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் கோளாறு பெரும்பாலும் மூடியில் இருக்கும். எஞ்சின் ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே விட மூடியின் நடுவில் ஒரு குட்டி வால்வு இருக்கிறது. அது ஒட்டிக்கொண்டால் உள்ளே வெற்றிடமாகி ஹோஸை உறிஞ்சிவிடும். புது மூடி போடுங்கள், ஆனால் பழையதில் எழுதியிருந்த அதே எண்.

அப்புறம் ரேடியேட்டரின் முகம். மழைக்காலத்து ஈசல், தட்டான், நெல் அறுவடை நேரத்தில் ரோட்டில் காயப்போட்ட வைக்கோல் துரும்பு எல்லாம் அங்கேதான் போய் அடையும். வெளியே தெரிவது ஏசி கன்டென்சர். ரேடியேட்டர் அதற்குப் பின்னால் நிற்கிறது. அழுக்கு இரண்டுக்கும் நடுவில்தான் அதிகம். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தோட்டத்துப் பைப்பால் மெதுவாக அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், பிறகு காற்றே போகாது. என் வண்டியில் இப்படிக் கழுவியபோது ஒரு கைப்பிடி துரும்பும், முழுசாக ஒரு பட்டாம்பூச்சியும் வந்தன.

பழையதை வடிப்பது

சமதரையில் நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். சில வண்டிகளில் சாவி இல்லாவிட்டாலும் ஃபேன் தானாகச் சுற்றும் என்பதால் பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றிவிடுவது நல்லது. ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது.

ரேடியேட்டரின் அடியில் ஒரு பக்கமாகப் பிளாஸ்டிக் திருகு இருக்கும். டப்பை அடியில் வைத்து அதைத் தளர்த்துங்கள். முதலில் நூலாகத்தான் வரும்; மேலே மூடியைத் திறந்ததும் பீறிட்டு வரும். திருகு இறுகிக்கிடந்தால் பலம் காட்டாதீர்கள், பழைய பிளாஸ்டிக் பட்டென்று உடையும். அப்போது கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி உருவினால் போதும்.

வந்ததைப் பாட்டிலில் ஊற்றி அளந்து, அளவை எழுதி வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நிறத்தையும் பாருங்கள். செம்மண் கரைத்த மாதிரி இருந்தால் உள்ளே துரு. பால் ஊற்றிய காபி மாதிரி இருந்தால் ஆயில் கலந்திருக்கிறது. வேலையை அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பழைய கூலன்டைச் சாக்கடையிலோ செடியிலோ ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும். தெருநாய் நக்கிக் குடித்துவிடும், சிறுநீரகம் போய்ச் செத்துப்போகும். கேனில் அடைத்து, பழைய ஆயில் சேர்த்து வைக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

கழுவுவது

திருகை மூடி, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ரேடியேட்டர் மூடியைப் போடுங்கள். பேட்டரியை மாட்டி, ஹீட்டர் இருக்கும் வண்டியென்றால் அதை முழுச் சூட்டில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். அப்போதுதான் ஹீட்டருக்குள் தேங்கியிருப்பதும் வெளியே வரும். மேல் ஹோஸ் நன்றாகச் சுட ஆரம்பித்தால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. இன்னும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். முழுவதும் ஆறும்வரை காத்திருந்து திரும்ப வடியுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை இதையே செய்ய வேண்டும். பொறுமை போகும் வேலைதான். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றி நேரம் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழலாம்.

ஹோஸ், கிளிப் மாற்றுவதென்றால் இப்போதே. ஒட்டிக்கொண்ட ஹோஸை ஸ்க்ரூட்ரைவரால் நெம்பாதீர்கள். பிளாஸ்டிக் மூக்கு உடைந்தால் புது ரேடியேட்டர்தான். பழைய ஹோஸை நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்தெடுங்கள். புதியதைப் போடும்போது கிளிப்பை முனையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பழைய கிளிப் பதிந்திருந்த இடத்தில் இறுக்குங்கள்.

நிரப்புவதும் காற்று எடுப்பதும்

அளந்து வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர் என்றிருக்கிறது, உங்களுக்கு வடிந்தது இரண்டரை லிட்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். மீதி ஒன்றரை லிட்டர் கழுவிய தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே நிற்கிறது. பாதிக்குப் பாதி கலந்ததை மேலே ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். கலக்காத கூலன்டில் 2 லிட்டரை முதலில் ஊற்றுங்கள், மிச்ச அரை லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர். உள்ளே நிற்பதோடு சேர்ந்து கணக்கு சரியாகிவிடும்.

மெதுவாக ஊற்றுங்கள், நடுநடுவே மேல் ஹோஸைப் பிசைந்துவிட்டால் குமிழ் குமிழாகக் காற்று வரும். நிரம்பியதும் மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து, ஹீட்டரைத் திரும்பவும் முழுச் சூட்டில் வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கவனியுங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சடாரென்று இறங்கும். இறங்கிய அளவுக்கு ஊற்றுங்கள். குமிழ் நின்றதும் மூடியை இறுக்கிப் போட்டு, ஃபேன் ஒரு முறை ஓடி நிற்கும்வரை பாருங்கள். ரிசர்வ் டேங்கில் லோ கோட்டுக்கும் ஃபுல் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல் டேங்கிலேயே பிரஷர் மூடி இருக்கும் வண்டிகளில் காற்று எடுக்கத் தனித் திருகு இருக்கலாம், கையேட்டைப் பாருங்கள்.

மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது திரும்ப மட்டம் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருக்கும், பயப்பட வேண்டாம். மிச்சக் காற்று போன இடம் அது. ஒரு வாரம் கழித்தும் இறங்கினால் கசிவு இன்னும் இருக்கிறது.

இதற்குப் பிறகும் சூடானால்

நகரத்துக்குள் ஊர்ந்து போகும்போது மட்டும் சூடாகி, நெடுஞ்சாலையில் சரியாகிவிட்டால் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். ஏசியைப் போட்டால் பெரும்பாலான கார்களில் ஃபேன் ஓட வேண்டும். ஓடாவிட்டால் முதலில் ஃப்யூஸ், அப்புறம் ரிலே, கடைசியில்தான் மோட்டார்.

தெர்மோஸ்டாட்டை வீட்டிலேயே சோதிக்கலாம். பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். மேலே அடித்திருக்கும் டிகிரி பக்கத்தில் திறக்க ஆரம்பித்து, ஆறும்போது மூட வேண்டும். அந்தப் பாத்திரம் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது. "நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்கு, தூக்கிப் போட்டுரலாம்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் உண்டு. கேட்காதீர்கள். எஞ்சின் சேர வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

ரேடியேட்டரே ஓட்டையானால்? அம்பாசடர் காலத்துப் பித்தளை ரேடியேட்டருக்கு ஈயம் வைத்து அடைத்துக் கொடுப்பார்கள். இப்போதைய அலுமினிய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கில் விரிசல் என்றால் ஒட்டும் பசையெல்லாம் வீடு வந்து சேரத்தான், மாற்றிவிடுங்கள். மஞ்சள் தூள் போட்டால் கசிவு அடைபடும் என்பது பழைய டிரைவர்களின் வைத்தியம். அடைபடும்தான், ஆனால் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்க அதற்குத் தெரியாது. ஹீட்டர் குழாயையும் சேர்த்து அடைக்கும்.

வெளியே எங்கும் கசிவே இல்லை, ஆனாலும் குறைகிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை. ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்துக்குள் ஹோஸ் கல்லாக இறுகுகிறது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படிகிறது. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் சீல், போயிருக்கலாம். அது முதல்முறை ஸ்பானர் பிடிக்கிறவர் தொடும் வேலை இல்லை. ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

மலைப்பாதையில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவிடுங்கள். உள்ளே இருப்பவர்கள் திட்டுவார்கள், ஆனால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக இறங்கும். முள் இறங்காவிட்டாலோ ஆவி தெரிந்தாலோ ஓரம் கட்டி அணைத்துவிட்டு, முக்கால் மணி நேரமாவது மூடியை மறந்துவிடுங்கள். அன்றைக்கு நான் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கிளிப்பை இறுக்க என்னிடம் ஸ்க்ரூட்ரைவர்கூட இல்லை. அந்த வேன் டிரைவர்தான் கொடுத்தார். இப்போது டேஷ்போர்டில் ஒன்று கிடக்கிறது.