காரை விடுங்கள், மெட்ரோவைப் பிடியுங்கள்

மொரீஷியஸில் காவடி விடுமுறை வார இறுதியோடு சேர்ந்து வந்தால் தலைநகர் போர்ட் லூயிஸில் விக்டோரியா நிலையத்துக்குப் பக்கமாக அறை எடுங்கள். அங்கிருந்து கியூர்பிப் வரை மெட்ரோ இருக்கிறது. 1956-இல் பயணிகள் ரயில் நின்றுபோன பழைய தடத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் ஓடுகிறது.

மெட்ரோ வழியில் இருக்கும் காத்ர் போர்ன் ஊர்ச் சந்தையில் துணி வாங்க வியாழனோ ஞாயிறோ போக வேண்டும். கியூர்பிப்பைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்; மேட்டு நிலம், மேகம் இறங்கிவிட்டால் த்ரூ ஓ செர் எரிமலை வாயின் விளிம்பில் நின்றாலும் ஒன்றும் தெரியாது. போர்ட் லூயிஸில் வெயில் கொளுத்தினாலும் பையில் குடையும் ஸ்வெட்டரும் இருக்கட்டும். பசித்தால் தால் பூரி. ஜோடியாகத்தான் தருவார்கள், குழந்தைகளுக்கு மிளகாய் வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீருக்கு அலைய வேண்டும். கடற்கரைக்கு மட்டும் பஸ்தான்.