லண்டன் கோடையில் இஷா தொழுகை: நாங்கள் சமாளித்த விதம்

கொடைக்கானலில் எந்த மாதமானாலும் ஏழு மணிக்குள் மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை) வந்துவிடும். இரவுத் தொழுகையான இஷாவும் தொழுதுவிட்டுப் பிள்ளைகள் ஒன்பதுக்குத் தூங்கிப்போவார்கள். ஜூனில் லண்டனில் சூரியன் மறையவே 9.20 ஆகிறது. இஷா அதற்கும் வெகுநேரம் கழித்து. பகலெல்லாம் நடந்த பிள்ளை அதுவரை விழித்திருக்குமா? போன கோடையில் சின்னவன் ஷூவோடு கட்டிலில் சாய்ந்துவிடுவான், எழுப்பினால் ஒரே அழுகை.

இந்த முறை கிளம்பும் முன்பே ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞர்) கேட்டேன். நாங்கள் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு). போய்ச் சேரும் நாளும் கிளம்பும் நாளும் நீங்கலாக ஓர் ஊரில் 4 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் பயணிக்குரிய சலுகை உண்டு. லுஹர் (நண்பகல்), அஸர் (பிற்பகல்), இஷா மூன்றும் நாலுக்குப் பதில் இரண்டிரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று). மஃரிபோடு இஷாவைச் சேர்த்தும் தொழலாம். "மஃரிப் மட்டும் மூணுதாம்மா, அதைச் சுருக்க முடியாது" என்றார். (ஹனஃபி வீட்டார் தங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே சட்டம் வேறு.)

சரி என்று லண்டனில் 3 நாள், அப்புறம் எடின்பரோ என்று அறைகளைப் பிரித்துப் போட்டோம். மாலையில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தூக்கம். எழுந்து சாப்பாடு, மஃரிப், உடனே இஷா, மறுபடி படுக்கை. அழுகை நின்றது.

ஒன்று மட்டும் பழகவே இல்லை. நம் ஊரில் கிப்லா (தொழும்போது முகம் திருப்பும் மக்காவின் திசை) மேற்கே, லேசாக வடக்குச் சாய்வு. லண்டனில் தென்கிழக்கு. பெரியவள் தினமும் முஸல்லாவை (தொழுகை விரிப்பு) மேற்கே விரித்துவிட்டு, "உம்மா, போன்ல பாருங்க" என்பாள்.