பெட்டி கட்ட முதல் கேளுங்கள்

எங்கேயாவது போர், பூகம்பம், வெள்ளம் என்றதும் பல ஆஸ்பத்திரிகள் உடனே மருந்துப் பெட்டி கட்டத் தொடங்கிவிடுகின்றன. பொறுங்கள். அந்த இடத்துச் சுகாதார அதிகாரியிடமோ, அங்கே ஏற்கெனவே வேலை செய்கிறவர்களிடமோ என்ன வேண்டுமென்று கேட்டு, அதை மட்டும் அனுப்புங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு முல்லைத்தீவில் பெட்டி பிரித்தவர்களில் நானும் ஒருவன். வாசிக்கத் தெரியாத மொழியில் லேபல், பாதி பாவித்த குளிசை அட்டை, இரண்டு கிழமையில் திகதி முடிகிற சிரப். இருந்த ஒரேயொரு மருந்தாளர் முழுநாளும் அதைத் தரம்பிரித்துக்கொண்டிருக்க, வெளியே சனம் வரிசையில் நின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் நன்கொடை வழிகாட்டியில் இது தெளிவாக இருக்கிறது: போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது திகதி மிச்சம் இருக்க வேண்டும், அங்குள்ளவர்களுக்கு விளங்கும் மொழியில் மருந்தின் பொதுப்பெயர் இருக்க வேண்டும், நோயாளிகள் திருப்பித் தந்ததும் இலவச சாம்பிளும் கூடாது.

காயத்தை மட்டும் நினைக்காதீர்கள். 2009இல், இலங்கைப் போரின் கடைசி மாதங்களில், வன்னியில் செல்காயக்காரருக்குப் பக்கத்திலேயே சீனி வருத்தக்காரர் இன்சுலினுக்குக் காத்திருந்தார், தறப்பாளுக்குள் பிள்ளைப்பேறும் நடந்தது. இன்சுலினும் பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்தும் ஒக்சிடோசினும் 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டியவை, ஆகவே குளிர்ப்பெட்டியும் கரண்டுக்கு வழியும் இல்லாமல் அவற்றை அனுப்பிப் பிரயோசனமில்லை.

ஆட்களை அனுப்பினால் சாப்பாடு, தண்ணீர், கூடாரம், ஜெனரேட்டர் எல்லாம் கையோடு போக வேண்டும். போகிறவர்களின் சம்பளத்தை வெட்டாதீர்கள்.

இன்னொன்று, இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. அதே 2009இல் சர்வதேச செஞ்சிலுவைக் குழு வன்னிக் கரையிலுள்ள புதுமாத்தளனிலிருந்து கப்பலில் காயக்காரரை ஏற்றி, முதலில் திருகோணமலைக்கும் பிறகு இந்திய மருத்துவக் குழு இருந்த புல்மோட்டைக்கும் கொண்டுபோனது. கரையில் நின்ற சொந்தங்களுக்கு ஆள் எங்கே போய்ச் சேர்ந்தது என்றே தெரியாது. ஆகவே நோயாளியை மாற்றும்போது பெயர், ஊர், கொடுத்த மருந்து, யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று நனையாத அட்டையில் எழுதிக் கையில் கட்டிவிடுங்கள், ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும்.

என்ன அனுப்புவதென்று தெரியாவிட்டால் காசாக அனுப்புங்கள், பக்கத்து ஊரிலேயே மருந்து வாங்கலாம். மூன்று மாதம் கழித்து, செய்தியெல்லாம் அடங்கிய பிறகு, முதல் கதைத்த அதே ஆளுக்குத் திரும்பக் கோல் எடுத்து, இப்போது எது முடிந்துவிட்டது என்று கேளுங்கள்.